பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள்: வீட்டு மின்சாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை காலையில், சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வெற்றுத்தளத்தில் மடக்கு மேசை ஒன்றைப் போட்டுக்கொண்டு அண்டைவீட்டார் சிலர் உட்காருகிறோம். மின்சார பில்லோடு யார் வேண்டுமானாலும் வரலாம். தமிழில் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மின்பொறியாளன் அல்லன். முதலில் என் வீட்டு பில்லை வைத்துக் கற்றுக்கொண்டேன். பிறகு மற்றவர்களின் பில்களைப் பார்த்துப் பார்த்து இன்னும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன்.

கணக்குப் போட எளிதாக இருக்கட்டும் என்று, பொருள் சேவை வரியோடு ஒரு யூனிட் 30 காசு (100 காசு ஒரு சிங்கப்பூர் வெள்ளி) என்று எல்லா இடத்திலும் வைத்திருக்கிறேன். யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. முறைப்படுத்தப்பட்ட கட்டணம் (வேறு மின்சார நிறுவனத்துக்கு மாறாத வீடுகள் கட்டும் விலை) மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாறும். உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதம் பில் கூடிவிட்டது. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

வெள்ளியைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். பில்லின் மொத்தத் தொகையில் மின்சாரத்தோடு தண்ணீரும், குழாய்வழி எரிவாயு இருந்தால் அதுவும், குப்பை அகற்றும் கட்டணமும் சேர்ந்திருக்கின்றன. அதற்கு மேல், தகுதியுள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடும்பங்களுக்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் யூ-சேவ் என்ற அரசாங்கக் கழிவு வந்து விழுகிறது. அந்த மாதம் தொகை குறைந்ததும் மனம் நிம்மதியாகிவிடும். ஓர் அக்கா ஏப்ரல் பில்லைக் காட்டி, “பாருங்கள் தம்பி, இந்த மாதம் நன்றாகக் குறைத்துவிட்டோம்” என்று சந்தோஷமாகச் சொன்னார். யூனிட்டைப் பார்த்தால் மார்ச்சைவிட நாற்பது கூடியிருந்தது. கழிவு வரட்டும், அது நல்ல உதவி. ஆனால் வீட்டின் பழக்கம் எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது.

அடுத்து, உங்களுடையதைப் போன்ற வீடுகளின் சராசரியோடு ஒப்பிட்டு பில்லில் இருக்கும் படத்தைப் பாருங்கள். நான்கறை வீட்டில் மூன்று பேர் இருந்துகொண்டு அந்தச் சராசரியைத் தாண்டினால் எங்கோ ஒரு காரணம் இருக்கிறது. ஆறு பேர் இருந்தால் தாண்டுவது இயல்பு, வருந்த வேண்டாம்.

இன்னொன்று. பழைய மீட்டர் உள்ள வீடுகளில் எல்லா மாதமும் ஆள் வந்து அளவெடுப்பதில்லை. இடைப்பட்ட மாதம் மதிப்பீடுதான். ஒரு மாதம் குறைந்து மறுமாதம் எகிறினால், இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பாருங்கள். புது மீட்டர் பொருத்தப்பட்ட வீடென்றால் பில் அனுப்பும் எஸ்பி நிறுவனத்தின் செயலியில் அரைமணி நேரக் கணக்கே படமாகத் தெரியும். இரவு பதினொன்றிலிருந்து காலை ஆறு வரை அந்தப் படம் மலைபோல் எழுந்து நின்றால், விடை உங்கள் படுக்கையறையில் இருக்கிறது.

வீட்டில் எதுதான் அதிகம் இழுக்கிறது? கிரைண்டரா?

இந்தக் கேள்வியை நம் அம்மாக்கள் கேட்காத சனிக்கிழமையே இல்லை. சத்தம் போடுவதால் கிரைண்டர் மேல் பழி விழுந்துவிடுகிறது. மேசைக் கிரைண்டரின் மோட்டார் 150 வாட் அளவுதான். இட்லி மாவு ஆட்ட 25 நிமிடம் ஓடினால் ஆகும் செலவு இரண்டு காசு. பக்கத்தில் சத்தமே போடாமல் இருக்கும் ரைஸ் குக்கரைப் பாருங்கள். காலையில் சோறு வடித்து, இரவு வரை சூடாக இருக்கட்டும் என்று விட்டால், அந்தச் சின்ன மஞ்சள் விளக்கு எரியும் நேரமெல்லாம் 40 வாட் போய்க்கொண்டே இருக்கிறது. பத்து மணி நேரத்தில் 0.4 யூனிட். கிரைண்டரைப்போல் ஆறு மடங்கு!

ஆனால் இவை இரண்டுமே சில்லறை. தேசிய சுற்றுப்புற வாரியம் வீடுகளில் எடுத்த ஆய்வின்படி, சராசரி வீட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய கால்வாசியை ஏர்கான் எடுத்துக்கொள்கிறது. குளிர்பதனப் பெட்டியும் வெந்நீர்க் கருவியும் அதற்கு அடுத்து நிற்கின்றன. மூன்றையும் கூட்டினால் பாதி வந்துவிடும். எங்கள் மேசையில் நான் சொல்லும் ஒரே விதி இதுதான்: எது குளிரவைக்கிறதோ, எது சூடாக்குகிறதோ, அதை முதலில் பாருங்கள். விளக்கு, டிவி, கைப்பேசிச் சார்ஜர் எல்லாம் பிறகு.

ஏர்கான் இல்லாமல் தூங்கவே முடியாது. என்ன செய்வது?

இல்லாமல் தூங்குங்கள் என்று யாரிடமும் நான் சொல்வதில்லை. மே, ஜூன் இரவுகளில் நம் ஊரின் புழுக்கம் எப்படிப்பட்டது என்று எனக்கும் தெரியும். எவ்வளவு நேரம், எத்தனை அறையில், எந்த அளவில் என்பதைத்தான் பேசுகிறோம்.

பழைய ஏர்கான் ஒன்று, ஓர் அறையில், இரவு எட்டு மணி நேரம் ஓடினால் சுமார் 5 யூனிட். ஒன்றரை வெள்ளி. மாதம் 45 வெள்ளி. மூன்று அறைகளிலும் ஓடினால் 135. அதே எட்டு மணி நேரம் 50 வாட் மின்விசிறி சுற்றினால் 12 காசு. மாதம் முழுவதும் நான்கு வெள்ளிகூட வராது. ஆகவே இரண்டையும் எதிரிகளாக நிறுத்த வேண்டாம், சேர்த்து ஓட்டுங்கள். ஏர்கான் காற்றின் ஈரத்தை எடுக்கிறது. மின்விசிறி உடம்பின் வியர்வையை உலர்த்துகிறது. 25 டிகிரியில் வைத்து விசிறியையும் மெதுவாகச் சுற்றவிட்டால், வெறும் 22 டிகிரியில் கிடைக்கும் சுகம் கிடைத்துவிடும். 25 அல்லது அதற்கு மேல் என்பதுதான் இங்கு பொதுவாகச் சொல்லப்படும் அளவும்.

டைமரைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்குத் தானாக அணையும்படி வையுங்கள். அறை உடனே சூடாகிவிடாது, விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். ஆறு மணிக்கு எழும்போது வித்தியாசம் தெரியாது. ஓர் அறைக்கு மாதம் பத்து வெள்ளிக்கு மேல் மிச்சம்.

பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தால், பள்ளி விடுமுறையில் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்துப் பாருங்கள். எங்கள் புளோக்கில் ஒரு குடும்பம் ஜூன் விடுமுறையில் அப்படிச் செய்தது. பில் குறைந்ததைவிட, பாட்டி இரவில் கதை சொன்னதைத்தான் அந்தப் பிள்ளைகள் வந்து எங்களிடம் சொன்னார்கள். விடுமுறை முடிந்த பிறகும் வெள்ளி, சனி இரவுகளில் அந்த வழக்கம் தொடர்கிறதாம்.

16 டிகிரியில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்கிறார்களே?

இல்லை. நீங்கள் வைக்கும் எண், எங்கே நிறுத்த வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்லும் குறிதான். அறை சூடாக இருக்கும்போது 16 என்று வைத்தாலும் 25 என்று வைத்தாலும் கம்ப்ரசர் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் முட்டி மோதும். 16 என்றால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் இரவெல்லாம் உழைக்கும், அவ்வளவுதான். நடுராத்திரியில் போர்வையை இழுத்துப் போர்த்துகிறீர்கள் என்றால் அந்தக் குளிருக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஏர்கானைச் சர்வீஸ் செய்ய ஆள் வருகிறார். நாங்கள் வேறு என்ன செய்ய வேண்டும்?

சர்வீஸ் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. உள்ளே இருக்கும் வடிகட்டி வலையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவப்பட வேண்டியது. நம் வீடுகளில் இன்னும் அவசியம்; ஏனென்று சொல்கிறேன்.

ஒரு மாமியின் வீட்டில் ஏர்கானின் முன்மூடியைத் தூக்கி வலையை வெளியே எடுத்தோம். வலையே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் கம்பளிபோல் ஒரு படலம். விரலால் தொட்டால் பொடியாக உதிரவில்லை, பிசுபிசுவென்று ஒட்டியது. முகர்ந்தால் ஊதுபத்தி வாசம். காலையும் மாலையும் சாமி விளக்கேற்றி ஏற்றும் பத்திப் புகையும், சமையலறையில் கடுகு தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகையும் தூசியோடு சேர்ந்து அங்கே படிந்திருந்தன. வெளிநாட்டுக் குறிப்பேட்டில் ‘தூசியைத் தட்டிவிடவும்’ என்று இருக்கும். இது தட்டினால் போகாது. பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் மெல்லத் தேய்த்து, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் சட்டம் வளைந்துவிடும். வலை அடைத்திருந்தால் காற்று வராது, அறை குளிராது, நீங்கள் டிகிரியைக் குறைப்பீர்கள், யூனிட் ஏறும்.

சாமி அறையும் ஏர்கான் அறையும் ஒன்றாக இருந்தால், பத்தி எரிந்து முடியும்வரை சன்னலைத் திறந்து வையுங்கள்.

எங்கள் வீடு மேற்கு வெயில் வீடு. சுவரே கொதிக்கிறது.

உண்மையில் பாவப்பட்ட வீடுகள் இவை. கான்கிரீட் சுவர் மதியமெல்லாம் வெப்பத்தைக் குடித்து, இரவில் அறைக்குள் விடுகிறது. இரண்டு மணிக்கு முன்பே மேற்குப் பக்கத் திரையை இழுத்துவிடுங்கள். கண்ணாடிக்கு உள்பக்கத் திரையைவிட வெப்பத்தைத் தடுக்கும் படலமும் திரையும் சேர்ந்தால் நல்லது. பொழுது சாய்ந்ததும் சன்னல்களையும் அறைக் கதவுகளையும் திறந்து, ஒரு மணி நேரமாவது காற்று குறுக்கே ஓட விடுங்கள். அதன் பிறகு ஏர்கானைப் போட்டால் அதன் வேலை பாதியாகத் தெரியும். படுக்கையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால் அரை அடி நகர்த்துங்கள். தெம்பனிஸில் புளோக்குகளின் வெளிச்சுவருக்கு வெப்பத்தைத் திருப்பியனுப்பும் சாயத்தை வீவக பூசிச் சோதித்திருக்கிறது. அது எல்லா வட்டாரங்களுக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை.

அம்மாவுக்கு 78 வயது. சிக்கனம் என்று சொல்லி விசிறியையும் அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

இந்தப் பக்கத்தில் நீங்கள் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். முதியவர்களின் உடம்பு வெப்பத்தைச் சட்டென்று உணராது, தாகமும் குறைவாகத்தான் எடுக்கும். மின்விசிறி நாள் முழுவதும் ஓடினாலும் ஆகும் செலவு நாற்பது காசுக்குள். அதை மிச்சம் பிடித்து மருத்துவமனைக்குப் போவது சேமிப்பு ஆகாது. வெப்பமான நாளில் மதியம் இரண்டு மணி நேரம் ஏர்கானைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் கேட்க மாட்டார் என்றால், எண்ணைக் காட்டுங்கள். “அம்மா, இது ஒரு கோப்பி காசுகூட இல்லை” என்று நான் கணக்கு எழுதிக் காட்டிய பிறகுதான் எங்கள் புளோக்கில் ஒரு பாட்டி சுவிட்சைப் போட ஒத்துக்கொண்டார். அந்தக் காகிதத்தைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் இன்றும் ஒட்டி வைத்திருக்கிறார்.

வெந்நீர்க் கருவியின் சுவிட்சை அணைக்க வேண்டுமா?

தொட்டி வைத்த கருவியென்றால் கண்டிப்பாக. இதில் என் சொந்தக் கதை இருக்கிறது. எங்கள் வீட்டில் குளியலறையின் பொய்க்கூரைக்கு மேலே தொட்டி உட்கார்ந்திருக்கிறது. கண்ணில் படாததால் நினைவிலும் இல்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே சிவப்பு விளக்கோடு ஒரு சுவிட்ச். அது இரவு விளக்கைப்போல் பல ஆண்டுகள் எரிந்துகொண்டே இருந்தது. தொட்டி நீர் ஆறுவதும், கருவி மீண்டும் காய்ச்சுவதும், யாரும் குளிக்காத நேரத்திலும் நடந்திருக்கிறது. இப்போது குளிப்பதற்கு இருபது நிமிடம் முன்பு போடுகிறோம், தண்ணீர் காய்ந்ததும் அணைக்கிறோம். என் மகள் அந்தச் சுவிட்சுக்கு மேல் ‘அணைத்தாயிற்றா?’ என்று எழுதி ஒட்டினாள். முதல் மாதத்திலேயே யூனிட்டில் வித்தியாசம் தெரிந்தது.

உடனே சூடாக்கும் சின்னக் கருவியென்றால் அணைக்க மறந்தாலும் பெரிய இழப்பில்லை. குளிக்கும் நேரம்தான் கணக்கு. 3 கிலோவாட் கருவியில் பத்து நிமிடக் குளியல் 15 காசு. நான்கு பேர் நாள்தோறும் குளித்தால் மாதம் 18 வெள்ளி. ஐந்து நிமிடமாக்கினால் பாதி, தண்ணீரும் மிச்சம். மதியம் நம் ஊர்க் குழாயில் வரும் தண்ணீருக்கு வெந்நீர்க் கருவியே தேவையில்லை.

பழைய குளிர்பதனப் பெட்டி நன்றாக ஓடுகிறது. மாற்ற வேண்டுமா? இரண்டாவது பெட்டி வைத்திருக்கலாமா?

முதல் கேள்விக்குப் பதில்: கதவின் ரப்பர் ஓரத்தைச் சோதியுங்கள். ஒரு காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் சிரமமில்லாமல் வந்துவிடக் கூடாது. வந்தால் ரப்பரை மாற்றலாம். பெட்டியின் பின்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்றோட்டம் இருக்கட்டும். சூடான சாம்பாரை ஆறிய பிறகு வையுங்கள்.

இரண்டாவது கேள்விக்குத்தான் நான் கொஞ்சம் பிடிவாதமாகப் பதில் சொல்வேன். புதுப் பெட்டி வாங்கியதும் பழையதைச் சமையலறைக்குப் பின்னால் தள்ளி, மாவுப் பாத்திரத்துக்கும் துருவிய தேங்காய்க்கும் தீபாவளிப் பலகாரத்துக்கும் என்று வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பழைய பெட்டி ஒன்று நாளைக்கு ஒன்றரை யூனிட் எடுத்தால் ஆண்டுக்கு 160 வெள்ளிக்கு மேல் போகிறது. அதற்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு மாவுச் சட்டியும் நான்கு மாங்காய்த் துண்டும். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு போட்டு, முடிந்ததும் அணைத்துக் கதவைத் திறந்து வையுங்கள். அதுவும் வேண்டாமென்றால் கொடுத்துவிடுங்கள். 2021 ஜூலையிலிருந்து, புதிதாக வாங்கும் பொருளை வீட்டில் இறக்கும்போது அதே வகைப் பழையதைக் கடைக்காரர் கட்டணமின்றி எடுத்துச் செல்ல வேண்டும் என்பது விதி. வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

டிக் குறி அதிகமாக இருந்தால் போதுமா?

அதிக டிக் நல்லது, ஆனால் அது போதாது. ஏர்கானுக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் 2008லிருந்து டிக் குறி போட்ட மின்சக்தி முத்திரை கட்டாயம். துணி உலர்த்தி, தொலைக்காட்சி, விளக்கு எல்லாம் பிறகு சேர்ந்தன. டிக் என்பது அதே வகை, அதே அளவுப் பொருள்களுக்கிடையே யார் திறமை என்று சொல்கிறது. பெரிய பெட்டிக்கு டிக் அதிகமாக இருக்கலாம், அப்போதும் அது சின்னப் பெட்டியைவிட அதிக மின்சாரம் எடுக்கலாம். முத்திரையில் ஆண்டுக்கு எத்தனை கிலோவாட் மணி என்று ஓர் எண் இருக்கும். கடையில் இரண்டு பெட்டிகளுக்கு முன்னால் நின்றுகொண்டு அந்த எண்களின் வித்தியாசத்தை 30 காசால் பெருக்குங்கள், பிறகு பத்து ஆண்டால் பெருக்குங்கள். விலை வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் முடிவு தானாக வந்துவிடும். விற்பனையாளர் பொறுமை இழந்தால் இழக்கட்டும். பத்து ஆண்டு பில் கட்டப்போவது நீங்கள்.

பருவநிலைப் பற்றுச்சீட்டு எனக்குக் கிடைக்குமா?

மின்சாரமும் தண்ணீரும் மிச்சப்படுத்தும் பொருள்களை வாங்க அரசாங்கம் தரும் பற்றுச்சீட்டு இது; வீட்டில் ஒரு சிங்கப்பூரராவது இருக்கும் குடும்பத்துக்கு உண்டு. 2020ல் சிறிய வீவக வீடுகளுக்காகத் தொடங்கிய திட்டம், 2024 ஏப்ரலில் எல்லா வீவக குடும்பங்களுக்கும் 300 வெள்ளி என்று விரிந்தது. 2025ல் இன்னும் 100 சேர்ந்து, தனியார் வீடுகளுக்கும் 400 வெள்ளி என்றானது. 2027 டிசம்பர் 31 வரை செல்லும். குடும்பத்துக்கு ஒன்றுதான், ஒருவர் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் மூலம் எடுத்தால் போதும். மற்றவர்களுக்கு இணைப்பை அனுப்பலாம். எல்இடி விளக்கு, டிசி (நேர்மின்னோட்ட) மின்விசிறி, மின்சக்திச் சிக்கனமான ஏர்கான், குளிர்பதனப் பெட்டி, தண்ணீர் மிச்சப்படுத்தும் குழாய்கள் போன்றவற்றுக்குப் பயன்படும். எந்த மாடலுக்குச் செல்லும் என்பதைப் பணம் கொடுக்கும் முன் கடையில் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியோ குறுஞ்செய்தியிலோ உங்கள் பற்றுச்சீட்டு இணைப்பைக் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். ரொக்கமாக மாற்றித் தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

பெரிதாக எதுவும் வாங்கப் போவதில்லை என்றால் டிசி மின்விசிறியை வாங்குங்கள் என்பேன். பழைய விசிறியில் ஏறக்குறைய பாதி மின்சாரம்தான் எடுக்கும், சத்தமும் குறைவு. அது நன்றாக இருந்தால் ஏர்கானை நாடும் இரவுகளே குறையும்.

நான் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவன். ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். எனக்கு இதில் என்ன?

இருக்கிறது. வீட்டுக்காரரோடு ஏற்படும் சச்சரவுகளில் முக்கியமானது ஏர்கான்தான். “இரவு பத்து மணிக்கு மேல்தான் போட வேண்டும்” என்பார். நீங்கள் எட்டு மணிக்கே போட்டால் முகம் மாறும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே யூனிட் எண்ணிக்கையைப் பேசிக்கொள்ளுங்கள். ‘மின்சாரம் உட்பட’ என்று எழுதினால் எத்தனை யூனிட் வரை என்று கேளுங்கள். பில்லைப் பிரித்துக் கட்டுவதென்றால் பில்லையே காட்டச் சொல்லுங்கள், கேட்பதில் தவறில்லை. வடிகட்டி வலையை நீங்களே கழுவிக் கொடுத்தால் அந்த வீட்டில் உங்கள் மேல் மரியாதை கூடும். எங்கள் புளோக்கில் ஒரு தம்பி அப்படிச் செய்து, வீட்டுக்கார அம்மாவை மேசைக்கே அழைத்து வந்தார்.

வேறு மின்சார நிறுவனத்துக்கு மாறினால் மிச்சமாகுமா?

விலை குறையலாம். 2019 மே முதல் எல்லா வீடுகளும் விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்கலாம். நிலையான விலையா, முறைப்படுத்தப்பட்ட கட்டணத்தில் கழிவா, எத்தனை மாத ஒப்பந்தம், பாதியில் விலகினால் எவ்வளவு என்று நான்கு கேள்வி கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். 2021ல் எரிவாயு விலை ஏறியபோது சில விற்பனையாளர்கள் சந்தையை விட்டே விலகினார்கள். அப்போதும் யார் வீட்டிலும் மின்சாரம் நிற்கவில்லை. மலிவான யூனிட் என்பதால் கூடுதலாக எரித்தால் மிச்சம் போய்விடும்.

சுவிட்சை அணைத்தால் எவ்வளவு மிச்சம்? விளக்கு?

டிவி, செட்டாப் பெட்டி, கணினி ஆகியவற்றை ஒரே நீட்டிப்புக் கம்பியில் செருகி இரவில் ஒரே சுவிட்சில் அணையுங்கள். விளக்குகள் எல்இடியாக இல்லாவிட்டால் மாற்றிவிடுங்கள். இதற்கு மேல் இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

தரைவீட்டில் இருக்கிறோம். சூரியத் தகடு போடலாமா?

கூரை உங்களுடையது, நிழல் விழவில்லை, குறைந்தது பத்து ஆண்டு அங்கேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் நிச்சயம் விலை கேளுங்கள். மிஞ்சும் மின்சாரத்தை மின்கட்டமைப்புக்கு விற்கவும் முடியும். ஆனால் முதலில் வீட்டின் செலவைக் குறைத்துவிட்டுப் பிறகு தகட்டின் அளவை முடிவு செய்யுங்கள். சிறிய தகடே போதும் என்று தெரியவரலாம்.

ஒரு வீடு குறைத்தால் நாட்டுக்கு என்ன ஆகும்?

நம் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்து வருகிறது. அந்த எரிவாயுவில் ஒரு துளிகூட நம் மண்ணில் இல்லை. மலேசியா, இந்தோனீசியாவிலிருந்து குழாய் வழியும், கப்பலில் திரவமாகவும் வருகிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 400 கிராம் கரியமிலவாயு காற்றில் கலக்கிறது. உங்கள் வீடு மாதம் 60 யூனிட் குறைத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 290 கிலோ. எங்கள் புளோக்கில் நூறு வீடுகளுக்கு மேல் இருக்கின்றன. அத்தனையும் அப்படிச் செய்தால் என்று பெருக்கிப் பார்க்கும்போது எனக்கு உற்சாகம் வருகிறது. 2030க்குள் வீவக நகரங்களின் மின்சக்திப் பயன்பாட்டை 2020ன் அளவிலிருந்து 15 விழுக்காடு குறைப்பது இலக்கு. மின்தூக்கியும் தாழ்வார விளக்கும் நகர மன்றத்தின் பொறுப்பு. கதவுக்கு உள்ளே இருப்பது நம்முடையது.

அக்கம்பக்கத்தாரிடம் இதை எப்படிக் கொண்டுபோவது?

மின்தூக்கிக்குப் பக்கத்தில் சுவரொட்டி ஒட்டினோம். ஒருவரும் வரவில்லை. பிறகு எங்கள் மூன்று பேரின் பில்களில் கணக்கு எண்ணையும் பெயரையும் மறைத்துவிட்டு மேசைமேல் பரப்பி வைத்தோம். அன்றைக்குக் கூட்டம். ஒரே அளவு வீடு, ஒரே எண்ணிக்கை ஆட்கள், ஆனால் ஒன்றில் 280 யூனிட், இன்னொன்றில் 460. பார்த்தவுடன், “என் வீட்டில் எவ்வளவு?” என்று கைப்பேசியை எடுத்தார்கள். யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். உங்கள் பில்லை முதலில் காட்டுங்கள். கூடுதலாக வருபவருக்கு வீட்டில் கைக்குழந்தையோ படுக்கையில் நோயாளியோ இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். துணி துவைப்பதும், இஸ்திரி போடுவதும், சமைப்பதும் அவர் கையில் இருக்கும்போது அவரை விட்டுவிட்டுப் பேசுவதில் பயனில்லை. எங்கள் மேசையில் மிகக் கூர்மையான கேள்விகளைக் கேட்டவர்களில் இருவர் பணிப்பெண்கள்.

பிள்ளைகளிடம் வேலையைக் கொடுங்கள். செயலியைப் பார்த்து வாரம் ஒரு முறை யூனிட்டை நாட்காட்டியில் எழுதுவது பத்து வயதுப் பிள்ளைக்குப் பிடித்த வேலை. தாத்தாவின் அறையில் விளக்கு எரிந்தால் அவர்கள் சொல்லும்போது தாத்தாவுக்குக் கோபம் வருவதில்லை.

உங்கள் மேசைக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

கடைசி மூன்று மாத பில். ஏர்கானின் உள்ளலகிலும் வெளியலகிலும் ஒட்டியிருக்கும் சீட்டின் படம். குளிர்பதனப் பெட்டி வாங்கிய ஆண்டு நினைவிருந்தால் நல்லது. வெந்நீர்க் கருவிக்குத் தொட்டி உண்டா இல்லையா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை இருப்போம். தேநீர் இருக்கும், கோப்பையை மட்டும் வீட்டிலிருந்து எடுத்து வந்துவிடுங்கள்.